அரளிக் காடும் ஆசிரியர் அறையும்

ஒரு குழுவை நெருக்கி வேலை வாங்குவது தொழிற்சாலை, அலுவலகம், பள்ளிக்கூடம் என எல்லாப் பணியிடங்களிலும் வழக்கமாக இருந்துவருகிற போதிலும், அந்த நெருக்கடி எங்கிருந்து பிறக்கிறது என்ற கேள்விக்கு நிர்வாகத்தைப் பற்றிப் பேசுபவர்கள் உரிய இடம் கொடுப்பதில்லை. வேலையின் இயல்பிலிருந்தே எழுகிற நெருக்கடி ஒன்று; வேலை வாங்குபவர் ஓர் எண்ணைக் குறித்துவைத்து, அதை எட்டாவிட்டால் என்ன நேரும் என்பதைச் சொல்லியோ சொல்லாமலோ உணர்த்தி உண்டாக்குகிற நெருக்கடி மற்றொன்று. இரண்டுமே ஆட்களை வேகமாக இயங்கவைப்பதால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றுபோலத் தோன்றினாலும், உள்ளே நின்று வேலை செய்பவருக்கு வேறுபாடு விளங்க ஒரு வாரம் போதும்.

சேலத்துக்குத் தெற்கே ஜருகுமலை அடிவாரத்தை ஒட்டிக் கிடக்கும் பனமரத்துப்பட்டி வட்டாரத்தில் வளர்ந்தவர்களுக்கு இவ்விரண்டையும் ஒரே விடியற்காலையில் பார்க்கும் வாய்ப்பு இருந்தது. சேலம் நகரத்துக்கு ஒரு காலத்தில் குடிநீர் கொடுத்த பனமரத்துப்பட்டி ஏரியைச் சுற்றியுள்ள செம்மண் காடுகளில் பெண்கள் அரளி பறித்துக்கொண்டிருக்கும் அதே இருட்டில், மல்லூர் வழியாகச் செல்லும் நாமக்கல் சாலையில் தனியார் பள்ளிகளின் மஞ்சள் பேருந்துகள் ஆசிரியர்களை ஏற்றிக்கொண்டு தெற்கே போகும். இக்கட்டுரையாளர் பள்ளி விடுமுறைகளில் அந்தக் காடுகளில் பூப்பறிக்கப் போனவர். பின்னாளில் அந்த மஞ்சள் பேருந்துகளில் ஒன்றில் ஏறி, நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளியொன்றில் வேதியியல் ஆசிரியராக இருந்து, அதன்பின் அரசுப் பணிக்கு மாறியவர். இங்கே எழுதப்படுபவை பெரும்பாலும் அந்த மூன்று இடங்களின் நினைவுகளிலிருந்து வருபவை.

அரளி, அதிலும் செவ்வரளி, மொட்டாக இருக்கும்போதே பறிக்கப்பட வேண்டிய பூ. செடியிலேயே விரிந்துவிட்டால் மாலை கட்டுபவர் கைக்குப் போவதற்குள் வாடி உதிர்ந்துவிடும் என்பதால், சேலம் வ.உ.சி. பூ மார்க்கெட்டில் அதற்கு விலை கிடையாது. ஆகவே வெயில் ஏறுவதற்குள் பறித்து, பையில் அடைத்து, முதல் பேருந்துக்கு ஏற்றிவிட வேண்டும். அமாவாசை, ஆயுத பூஜை போன்ற நாட்களுக்கு முந்தைய இரவென்றால் இந்த அவசரம் இன்னும் கூடும். பெண்கள் நெற்றியில் பேட்டரி விளக்கைக் கட்டிக்கொண்டு, சேலைத் தலைப்பை மடியாகக் கட்டி, இரு கைகளாலும் பறிப்பார்கள். காம்பு ஒடியும்போது கசிகிற பால் விரல் இடுக்கில் பட்டு அரிக்கும். கண்ணில் படக்கூடாது என்பதற்காக வியர்வையைக்கூட முழங்கையால்தான் துடைப்பார்கள். மேற்பார்வை பார்க்க யாரும் வரப்பில் நிற்பதில்லை. ஆள் சேர்த்து அழைத்துவந்த மூத்த பெண் எப்போதாவது, “வெயில் வந்துட்டா பூ நம்ம பேச்சக் கேக்காது கண்ணு, கையப் போடு” என்பார். அதைச் சொல்லும்போது அவருடைய கையும் செடியில்தான் இருக்கும்.

இந்த நெருக்கடியில் ஆட்கள் ஒருவரையொருவர் தாங்கினார்கள் என்பதை நினைவு தெளிவாகவே வைத்திருக்கிறது. தன் வரிசையை முடித்தவர் பின்தங்கியவரின் வரிசைக்கு எதிர்முனையிலிருந்து வந்து பறித்துக்கொடுப்பார். கைக்குழந்தைக்காரி ஒருத்தி நடுவில் எழுந்து போனால் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். ஆனால் இதைக் கிராமத்து மனிதர்களின் நல்ல குணம் என்று எழுதிவிட்டுப் போவது சரியாகாது. அப்படி நடந்தது நேரத்துக்குக் கூலி பேசிய காடுகளில் மட்டுமே. கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி பேசிய காடுகளில் அதே பெண்கள், மறுநாளைக்கு விட்டுவைக்க வேண்டிய பிஞ்சு மொட்டுகளையும் எடைக்காக உருவிப் போட்டார்கள். பின்தங்கியவர் பின்தங்கியே நின்றார். காட்டுக்காரர் வரப்பில் நின்று சத்தம் போட்டால் பிஞ்சுகள் பையின் அடிக்குப் போயின. விடியல் எவருக்கும் வளைந்துகொடுக்காத, எவரும் ஏமாற்ற முடியாத மேற்பார்வையாளர், தராசை ஏமாற்றலாம்.

தராசு எப்படி ஒரு தொழிலையே மாற்றியமைத்துவிடும் என்பதற்குத் தமிழ்நாட்டில் நாமக்கல் பள்ளிகளைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. 1997 ஜனவரியில் சேலத்திலிருந்து பிரிக்கப்பட்டுத் தனி மாவட்டமான நாமக்கல், முட்டைக்கும் லாரிக்கும் பெயர் பெற்றிருந்ததோடு, பிளஸ் டூ மாநில ரேங்க்குகளுக்கும் பெயர் பெறத் தொடங்கியது. இதற்குப் பின்னாலிருந்த காரணம் எளிமையானது. தமிழ்நாட்டில் மருத்துவம், பொறியியல் சேர்க்கைக்கு 1984 முதல் நுழைவுத் தேர்வு நடந்துவந்தது. பிற்காலத்தில் மொத்தம் 300 மதிப்பெண்ணுக்குக் கணக்கிடப்பட்ட தரவரிசையில் 200 பிளஸ் டூவிலிருந்தும் 100 நுழைவுத் தேர்விலிருந்தும் வந்தன. 2006ஆம் ஆண்டின் சட்டம் நுழைவுத் தேர்வை நீக்கியபின், பிளஸ் டூ மதிப்பெண்ணிலிருந்து 200க்குக் கணக்கிடப்படும் ‘கட்-ஆஃப்’ ஒன்றே சேர்க்கையை முடிவு செய்தது. மருத்துவத்துக்கு உயிரியலில் 100, இயற்பியலிலும் வேதியியலிலும் ஐம்பது ஐம்பது. பொறியியலுக்கு உயிரியலின் இடத்தில் கணிதம். அரை மதிப்பெண் வித்தியாசத்தில் நூற்றுக்கணக்கான பேர் முன்னே போய்விடக்கூடிய அந்தக் கணக்கில், ஒரு பாடத்தில் 200க்கு 200 எடுப்பது, அதாவது ‘சென்டம்’, பெற்றோரின் கனவாகவும் பள்ளியின் விளம்பரப் பலகையாகவும் ஆசிரியரின் சம்பளக் கணக்காகவும் ஒரே நேரத்தில் மாறியது. கிராமப்புறத்து நெசவாளர், விவசாயி, லாரி ஓட்டுநர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பெருநகரத்துப் பயிற்சி வகுப்புகளின் துணையில்லாமல் மருத்துவக் கல்லூரி எட்டக்கூடியதாயிற்று என்பது அந்தச் சட்டத்தால் விளைந்த மெய்யான நன்மை. அந்த நன்மையை அறுவடை செய்யத்தான் விடுதிப் பள்ளிகள் எழுந்தன.

அத்தகைய பள்ளியொன்றின் ஆசிரியர் அறை வெளியார் பார்வைக்கு வராத இடம் என்பதால் அதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். சுவரில் வெள்ளைப் பலகை ஒன்று மாட்டப்பட்டிருக்கும். அதில் பாடம், ஆசிரியர் பெயர், செக்‌ஷன், சென்டம் இலக்கு, 195க்கு மேல் எத்தனை பேர், 180க்குக் கீழ் எத்தனை பேர் என்று கட்டங்கள் இருக்கும். வாரத் தேர்வு முடிந்ததும் அலுவலக உதவியாளர் வந்து பழைய எண்களைத் துடைத்துவிட்டுப் புதிய எண்களை எழுதுவார். முந்தைய வாரத்தைவிடக் குறைந்தவை சிவப்பில் இருக்கும். திங்கட்கிழமை காலையில் தாளாளர், அங்கே எல்லோரும் அழைத்தபடி கரஸ்பாண்டென்ட், கூட்டம் போடுவார். சிவப்பில் எண் உள்ளவர்கள் தாமாகவே எழுந்து நிற்க வேண்டும் என்பது எழுதப்படாத விதி. உட்காரச் சொல்ல அவர் சில சமயம் மறந்துவிடுவார். மறந்தாரா என்று யாரும் கேட்டதில்லை. “பேரன்ட்ஸ் காசு கட்டுறது ரிசல்ட்டுக்கு சார், பாடத்துக்கு இல்ல” என்ற அவருடைய வாக்கியம் அறையிலிருந்த எல்லோருக்கும் மனப்பாடம். சென்டம் எடுக்கவைத்தவருக்கு ஆண்டு விழாவில் தங்கக் காசு. எடுக்கவைக்காதவருக்கு அடுத்த ஆண்டு இன்கிரிமென்ட் இல்லை. ஆசிரியர்களின் பட்டச் சான்றிதழ் அசல்கள் அலுவலக இரும்பு பீரோவில் இருந்ததால், கல்வியாண்டின் நடுவில் வேலையை விட்டுப்போவது நடக்கிற காரியமாக இல்லை. பகல் வகுப்பு, மாலை டெஸ்ட், இரவு ஸ்டடி டியூட்டி என்று நீண்ட நாளின் முடிவில் விடைத்தாள் கட்டோடு விடுதி அறைக்குப் போய், விடிவதற்குள் திருத்தித் தர வேண்டியிருந்தது.

இந்த ஏற்பாடு பலன் தந்தது என்பதை மறைத்துவிட்டு அதன் கேடுகளை மட்டும் எழுதினால் அது நேர்மையான நினைவாக இராது. மதிப்பெண்கள் உயர்ந்தன. எட்டாம் வகுப்போடு நின்றுவிட்ட பெற்றோரின் பிள்ளைகள் மருத்துவர்களாகி, இன்று இதே சேலத்தில் மருத்துவமனை நடத்துகிறார்கள். ஆசிரியர்களும், புலம்பிக்கொண்டேதான் என்றாலும், மே மாதத் தேர்வு முடிவு நாளன்று கணினித் திரையில் தம் பாடத்துக்கு நேரே 200 என்ற எண் வரிசையாக வரும்போது மெய்சிலிர்த்துப் போனார்கள். நெருக்கடி மனிதரை முடுக்கும் என்பதில் ஐயமில்லை. எந்த வேலைக்கு முடுக்கும், முடுக்கப்பட்டவர் எதைக் கைவிட்டுவிட்டு ஓடுகிறார் என்பவைதான் ஆராயப்பட வேண்டியவை.

முதல் கேள்விக்கு உளவியலில் பழைய விடை ஒன்று உண்டு. 1908இல் அமெரிக்க உளவியலாளர்களான ராபர்ட் யெர்க்ஸும் ஜான் டாட்சனும் சுண்டெலிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். இரண்டு பெட்டிகளில் வெளிச்சமானது எது, இருண்டது எது என்று இனங்கண்டு சரியானதில் நுழைய எலி பழக வேண்டும்; தவறானதில் நுழைந்தால் மின்னதிர்ச்சி. வேறுபாடு எளிதில் தெரியும்படி இருந்தபோது அதிர்ச்சி வலுக்க வலுக்க எலிகள் விரைவாகக் கற்றன. வேறுபாடு நுட்பமாக இருந்தபோதோ மிதமான அதிர்ச்சியில்தான் நன்றாகக் கற்றன, வலுத்த அதிர்ச்சியில் தடுமாறின. இந்தச் சோதனை பிற்காலத்தில் மேலாண்மைப் பயிற்சி வகுப்புகளில் கவிழ்த்த கிண்ணம் போன்ற ஒரு வளைகோடாகச் சுருக்கப்பட்டு, கொஞ்சம் நெருக்கடி நல்லது என்று சொல்வதற்குப் பயன்பட்டுவருகிறது. எலிகளுக்குக் கொடுத்த மின்னதிர்ச்சி ஊழியர் ஊக்கத்துக்குச் சான்றானது எப்படி என்று பயிற்சி எடுப்பவர்கள் கேட்பதில்லை. இருப்பினும் எளிய வேலையையும் நுட்பமான வேலையையும் அது பிரித்துக் காட்டியது மதிப்புள்ளது. ஏனெனில் நாமக்கல் ஆசிரியர் அறையில் நடந்தது இதற்கும் ஒரு படி மேலே போனது: நெருக்கடியைத் தாங்காத நுட்பமான வேலையை ஆசிரியர்கள் நெருக்கடியைத் தாங்கும் எளிய வேலையாக மாற்றிக்கொண்டார்கள்.

வேதியியலிலிருந்தே உதாரணம் சொல்லலாம். மோல் என்பது அணுக்களையும் மூலக்கூறுகளையும் எண்ணுவதற்கு வேதியியலார் வைத்துக்கொண்ட அளவு. அதைப் பிடித்துக்கொண்ட மாணவனுக்குக் கணக்குகள் பாதிக்குமேல் தாமாகவே திறந்துகொள்ளும். ஆனால் அதைப் பிடிக்கவைக்க எத்தனை நாளாகும் என்று எந்த ஆசிரியராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஒருவனுக்கு ஒரு மணி நேரம், இன்னொருவனுக்கு ஒரு மாதம். அடுத்த திங்கட்கிழமைக்குள் பலகையில் எண் ஏற வேண்டிய ஒருவர் இந்த வேலையில் இறங்கமாட்டார். புத்தகத்தின் பின்பக்க ஒரு மதிப்பெண் வினாக்களை எண் வரிசையோடு ஒப்பிக்கவைப்பது, முந்தைய ஆண்டுகளின் வினாத்தாள்களைத் திரும்பத் திரும்ப எழுதவைப்பது, கணக்கில் எண்ணை மாற்றாமலே ஐந்து முறை போடவைப்பது ஆகியவற்றுக்கு நெருக்கடி நன்றாகவே பொருந்தியது. மோல் பாடம் பிளஸ் ஒன்னில் இருந்தது. பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு கிடையாது, அதன் மதிப்பெண் சேர்க்கைக்கு உதவாது என்பதால், பிளஸ் ஒன் ஜூன் மாதத்திலேயே பிளஸ் டூ புத்தகத்தைத் திறந்து இரண்டு ஆண்டும் அதையே உருட்டினார்கள். வேதியியலில் 200 எடுத்துவிட்டுப் பொறியியல் கல்லூரியில் முதல் பருவத்திலேயே அரியர் வைத்த மாணவர்கள் திரும்பி வந்து நிற்கும்போது, அந்த விளைவுக்குப் பலகையில் கட்டம் எதுவும் இல்லாததால், யாரும் எழுந்து நிற்க வேண்டியிருக்கவில்லை.

கைவிடப்பட்டவை பாடங்கள் மட்டுமல்ல, குழுவும்தான். ஒரு செக்‌ஷனின் ஆறு ஆசிரியர்கள் ஒரு குழு என்று நிர்வாகம் சொன்னது. ஆனால் எண்ணை ஆளுக்கொன்றாகக் குறித்தது. ஆறு பேருக்கும் பொதுவாக இருந்த ஒரே வளம் மாணவனின் நேரம். ஆகவே இயற்பியல் ஆசிரியர் செவ்வாய் இரவு டெஸ்ட் வைத்தால், அந்த இரவை இழந்த வேதியியல் ஆசிரியர் புதன் விடியலைப் பிடித்தார்; கணித ஆசிரியர் உணவு இடைவேளையில் பாதியை எடுத்துக்கொண்டார். தமிழும் ஆங்கிலமும் கட்-ஆஃபில் சேராதவை என்பதால் மொழி ஆசிரியர்களின் பீரியட்கள் கேட்டு வாங்கப்பட்டன; சில மாதங்களுக்குப்பின் கேட்காமலே எடுத்துக்கொள்ளப்பட்டன. தமிழாசிரியர் ஒருவர் தம் பீரியடில் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து பிற பாடத்து விடைத்தாள்களுக்குக் கூட்டல் போட்டுக்கொடுத்த காட்சி கட்டுரையாளருக்கு இன்றும் நெருடலாகவே இருக்கிறது. நல்ல குறிப்பு வைத்திருப்பவர் அடுத்த செக்‌ஷன்காரருக்குக் கொடுக்கமாட்டார். அரளிக் காட்டில் கிலோக் கூலி செய்ததை இங்கே சென்டம் கணக்கு செய்தது.

அதைவிடக் கனமான விளைவு, உண்மையை வெளியே சொல்ல முடியாமல் போனது. ஒரு மாணவனுக்குப் பாடம் பிடிபடவில்லை என்று கூட்டத்தில் சொல்வது தன் இயலாமையை ஒப்புக்கொள்வதாக எடுத்துக்கொள்ளப்பட்டதால், அந்தச் செய்தி அரையாண்டுத் தேர்வு வரை ஒளிந்திருந்து, திருத்த நேரமில்லாத கட்டத்தில் வெளிவரும். அமெரிக்க ஆய்வாளர் எமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனைப் பிரிவுகளில் மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகளை ஆராய்ந்தபோது, நல்ல தலைமையும் இணக்கமும் உள்ள பிரிவுகளில்தான் அதிகப் பிழைகள் பதிவாகியிருந்தன என்பதைக் கண்டு முதலில் திகைத்தார். அங்கே அதிகமாக இருந்தது பிழையல்ல, பிழையைச் சொல்லும் துணிவு என்பது பிறகே புரிந்தது. தன் தவற்றையோ ஐயத்தையோ சொன்னால் அவமானமோ தண்டனையோ நேராது என்று குழுவினர் பொதுவாக நம்பும் நிலையை அவர் உளவியல் பாதுகாப்பு என்று அழைத்தார். அந்த அளவுகோலில் பார்த்தால், சிவப்பே இல்லாத பலகைதான் ஒரு பள்ளி கவலைப்பட வேண்டிய பலகை. புள்ளியியல் வழித் தரக் கட்டுப்பாட்டை ஜப்பானியத் தொழில்துறைக்குக் கற்பித்த எட்வர்ட்ஸ் டெமிங், நிர்வாகத்துக்கென வகுத்த 14 கோட்பாடுகளில் எட்டாவதாக அச்சத்தை வெளியேற்றுமாறும், பதினோராவதில் எண் இலக்குகளைக் கைவிடுமாறும் சொன்னதற்கு இதுவே அடிப்படை: பயந்த ஊழியர் தரும் எண்ணை நம்பி எந்த முடிவும் எடுக்க முடியாது.

எண்ணை உயர்த்த இன்னொரு வழியும் இருந்தது; அதைப் பேசுவதற்கு எவரும் விரும்புவதில்லை. சதவீதம் என்பது ஒரு பின்னம். மேலுள்ளதைக் கூட்ட முடியாதபோது கீழுள்ளதைக் குறைக்கலாம். ஒன்பதாம் வகுப்பிலோ பிளஸ் ஒன் முடிவிலோ தேறமாட்டான் என்று தோன்றிய பையனின் அப்பாவை வரவழைத்து, டி.சி. வாங்கிக்கொள்ளச் சொல்வதும், தனித்தேர்வராக எழுதட்டும் என்று யோசனை சொல்வதும் பல பள்ளிகளில் நடந்தன. அந்த உரையாடலை நடத்தும் பொறுப்பு தாளாளருக்கு அல்ல, வகுப்பாசிரியருக்கே வந்தது. மேலிருந்து வந்த நெருக்கடி அறையில் இருந்தவர்களிலேயே மிக வலுவற்றவனின் தோளில் போய் இறங்கியது. வேட்டியை மடித்துக் கட்டாமல் கைகட்டி நின்ற அந்த அப்பாக்கள் யாரும் சண்டை போட்டதில்லை. “நீங்க சொன்னா சரிங்க சார்” என்றுதான் போனார்கள்.

தேர்ச்சியைப் பணத்தோடு கட்டும் வழக்கம் நாமக்கல் கண்டுபிடித்ததன்று. 1862இல் இங்கிலாந்தில் ராபர்ட் லோ கொண்டுவந்த ஏற்பாட்டின்படி, ஆய்வாளர் முன்னால் எத்தனை பிள்ளைகள் வாசித்து, எழுதி, கணக்குப் போட்டுக் காட்டுகிறார்களோ அதற்கேற்பவே பள்ளிக்கு மானியம் கிடைத்தது. பள்ளி ஆய்வாளராகவும் கவிஞராகவும் இருந்த மேத்யூ அர்னால்டு, பிள்ளைகள் பொருள் புரியாமல் ஒப்பிக்கப் பழக்கப்படுகிறார்கள் என்று தம் அறிக்கைகளில் எதிர்த்து எழுதினார். சென்னை மாகாணத்துத் தொடக்கப் பள்ளிகளும் அந்த நூற்றாண்டில் இதே வகை மானியத்தைச் சுவைத்தவைதான்.

மிக மோசமான முடிவைக் காண அமெரிக்காவின் அட்லாண்டா நகரத்துக்குப் போக வேண்டும். அங்கே பெவர்லி ஹால் என்ற பள்ளிக் கண்காணிப்பாளரின் கீழ் ஒவ்வொரு பள்ளிக்கும் தேர்வு இலக்கு நிர்ணயிக்கப்பட்டது. எட்டிய பள்ளிகளுக்கு ஊக்கத்தொகை, எட்டாத தலைமையாசிரியர்களுக்கு வேலை நிச்சயமில்லை. மதிப்பெண்கள் வியக்கும்படி உயர, 2009இல் அவர் நாட்டின் சிறந்த கண்காணிப்பாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். விடைத்தாள்களில் தவறான விடை அழிக்கப்பட்டுச் சரியான விடை குறிக்கப்பட்ட இடங்கள் இயல்புக்கு மீறி இருந்ததைப் பத்திரிகையாளர்கள் தொடங்கிய தேடல் வெளிக்கொண்டுவந்தபின், 2011 ஜூலையில் வெளியான மாநில அரசின் விசாரணை அறிக்கை, ஆராய்ந்த 56 பள்ளிகளில் 44இல் முறைகேடு நடந்திருப்பதாகவும், தலைமையாசிரியர்கள் உட்பட 178 பேர் அதில் ஈடுபட்டதாகவும் சொன்னது. 2015 ஏப்ரலில் 11 பேர் குற்றவாளிகளாகத் தீர்ப்பளிக்கப்பட்டனர். குற்றச்சாட்டை மறுத்துவந்த ஹால் அதற்குச் சில வாரங்கள் முன்பு இறந்துபோயிருந்தார். அதே 2015 மார்ச்சில் ஒசூரில், பிளஸ் டூ கணிதத் தேர்வின்போது அறைக் கண்காணிப்பாளர்களாக இருந்த தனியார் பள்ளி ஆசிரியர்கள் வினாத்தாளைக் கைப்பேசியில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியதாகக் கைது செய்யப்பட்ட செய்தி வந்தபோது, இப்பக்கத்து ஆசிரியர்கள் அதிர்ச்சியடைந்ததாகக் காட்டிக்கொண்டார்கள். உண்மையில் பலருக்கு வந்தது அதிர்ச்சியல்ல, வயிற்றைக் கலக்கும் ஒரு புரிதல். சமூக முடிவுகளுக்கு ஓர் அளவுகோல் எவ்வளவு அதிகமாகப் பயன்படுத்தப்படுகிறதோ அவ்வளவு அதிகமாக அது கெட்டுப்போகும், அது அளக்க வந்ததையும் கெடுக்கும் என்று அமெரிக்கச் சமூக அறிவியலாளர் டொனால்ட் கேம்ப்பெல் 1976இல் எழுதியது கல்விக்கூடங்களையும் மனத்தில் வைத்துத்தான்.

அரசுப் பள்ளி இதற்கு விலக்கு என்று எண்ணி மாறிவந்த கட்டுரையாளருக்கு அங்கே வேறு பலகை காத்திருந்தது. தேர்ச்சி விழுக்காடு குறைந்த பள்ளிகளின் தலைமையாசிரியர்களை முதன்மைக் கல்வி அலுவலர் மீளாய்வுக் கூட்டத்துக்கு அழைப்பார். பாடவாரியாக விளக்கம் கேட்கப்படும். ஆசிரியர்களின் பேச்சில் 17-ஏ, 17-பி என்ற எழுத்துகள் புழங்கும். தமிழ்நாடு அரசுப் பணியாளர் ஒழுங்கு விதிகளில் கண்டனம், ஊதிய உயர்வு நிறுத்தம் போன்ற சிறு தண்டனைகளுக்கான நடவடிக்கை 17(அ) பிரிவின் கீழும், பணிநீக்கம் வரை போகக்கூடிய பெரிய தண்டனைகளுக்கானது 17(ஆ) பிரிவின் கீழும் வருகிறது. இந்தக் கூட்டங்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி, பள்ளி ஏன் மாநிலச் சராசரிக்குக் கீழே இருக்கிறது என்பது. 2025இல் பிளஸ் டூவின் மாநிலத் தேர்ச்சி 95.03 விழுக்காடு. அந்த உயரத்தில் சராசரிக்குக் கீழே எப்போதும் ஏராளமான பள்ளிகள் இருந்தே தீரும், இருப்பதால்தான் அது சராசரி என்ற கணக்கைக் கணித ஆசிரியர்கள் நிறைந்த கூட்டத்தில் யாரும் எழுந்து சொல்வதில்லை.

ஆயினும் நெருக்கடியைக் கையாளத் தெரிந்த ஒரு தலைமையாசிரியரை அங்கேதான் பார்க்க முடிந்தது. மீளாய்வுக் கூட்டத்திலிருந்து திரும்பிய மறுநாள் அவர் ஆசிரியர் கூட்டம் போடுவார். அங்கே தாம் வாங்கிக்கொண்ட வசவுகளில் ஒரு சொல்லும் பள்ளியின் விழுக்காடு என்ற எண்ணும் அவர் வாயிலிருந்து வராது. வருகைப் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு, “இந்தப் பையன் எங்க நிக்கறான், யாருக்குத் தெரியும்?” என்று ஒவ்வொரு பெயராகக் கேட்பார். தெரியவில்லை என்று சொன்னவரை அவர் கடிந்துகொண்டதில்லை. தெரியும் என்று சொல்லிவிட்டுத் தப்பாகச் சொன்னவரைத்தான் பிடித்துக்கொள்வார். மெல்லக் கற்கும் மாணவர்களை ஆசிரியருக்கு இத்தனை பேர் என்று ‘தத்து’ கொடுக்கும் வழக்கம் எல்லாப் பள்ளிகளிலும் உண்டு. அவர் அதைப் பாட வாரியாகப் பிரிக்காமல், ஒவ்வொரு மாணவனையும் எல்லாப் பாடத்துக்குமாக ஒரே ஆசிரியரிடம் ஒப்படைத்தார். அதனால் வேதியியல் ஆசிரியர் தம் பிள்ளைக்குத் தமிழ்ச் செய்யுள் வரவில்லை என்று தமிழாசிரியரிடம் போய் நிற்க வேண்டி வந்தது. பயிர் காயும் மாதத்தில் பூப்பறிக்கப் போய்விடும் மாணவிகளைத் தேடி அவரே போனார், அதுவும் விடியற்காலையில், காட்டுக்கே. பள்ளியின் விழுக்காடு அந்த ஆண்டு கொஞ்சம் ஏறியது, மறு ஆண்டு இறங்கியது. இறங்கிய ஆண்டுக்கு அவருக்கு 17-ஏ வந்தது. நெருக்கடியைக் கீழே கடத்தாமல் தம்மிடமே நிறுத்திக்கொள்ளும் தலைவர் அதற்கு விலை கொடுக்கிறார் என்பதை மேலாண்மை நூல்கள் எழுதுவதில்லை.

2017 மே மாதத்தில் தமிழ்நாடு அரசு மாநில ரேங்க் பட்டியலை வெளியிடுவதை நிறுத்தியது. அதே ஆண்டு பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு அறிவிக்கப்பட்டு 2018 மார்ச்சில் முதன்முறையாக நடந்தது. மருத்துவச் சேர்க்கை அதே 2017இல் நீட் தேர்வின் கைக்குப் போனது. நாமக்கல்லின் விளம்பரப் பலகைகளில் முகங்கள் மாறின, சென்டம் போய் நீட் மதிப்பெண் வந்தது. வெள்ளைப் பலகைகளில் கட்டங்களின் தலைப்பு மாறியது. நெருக்கடி கொடுக்கும் முறையை யாரும் மாற்றவில்லை என்றாலும், பிளஸ் ஒன் பாடம் மட்டும் வகுப்பறைக்குத் திரும்பி வந்தது. ஆசிரியர்களுக்கு அறிவுரை சொல்லியோ பள்ளிகளை மிரட்டியோ வராத ஒன்று, அளக்கப்படுவது மாறியதால் ஒரே ஆண்டில் வந்துவிட்டது.

2025 ஆகஸ்டில் வெளியிடப்பட்ட மாநிலக் கல்விக் கொள்கையை அடுத்து, மாணவர்களின் சுமையைக் குறைப்பதற்காகப் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு கைவிடப்பட்டிருக்கிறது. தனியார் பள்ளிகள் மீண்டும் பிளஸ் ஒன் புத்தகத்தை மூடிவிடக்கூடும் என்ற அச்சத்தைக் கல்வியாளர்கள் அப்போதே எழுப்பினர். இப்போதுள்ள பிளஸ் ஒன் வேதியியல் புத்தகத்தின் முதல் அலகே அடிப்படைக் கருத்துகளும் வேதிக் கணக்கீடுகளும், அதாவது மோல்தான். ஜூன் மாதத்தில் அந்த அலகை எத்தனை ஆசிரியர் அறைகள் நடத்த விடும் என்பது, திங்கட்கிழமைக் கூட்டத்துப் பலகையில் இனி என்ன கட்டம் வரையப்படுகிறது என்பதைப் பொறுத்தது.